பெட்டியில் வைத்த காலணி



தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவை இன்று நாம் கொண்டாடுகிறோம். மே 1ஆம் நாளை இவ்விழாவுக்கென 1955ஆம் ஆண்டில் ஏற்படுத்தியவர் திருத்தந்தை 12ஆம் பயஸ். உழைப்பாளர் என்றதும் அவர்களுடைய கைகளைத்தான் நாம் நினைக்கிறோம். இன்று அவர்களுடைய கால்களையும், கால்களில் போடும் சேப்டி ஷூவையும் சற்று நினைப்போம்.

அந்தக் காலணியின் முன்பக்கத்தில், விரல்களை மூடியபடி, ஓர் இரும்புக் கவசம் இருக்கிறது. 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் விரல் நசுங்காதவாறு அதைச் சோதிக்கிறார்கள். மேலே தடித்த தோல், கீழே சோல். சிமென்ட், ஜல்லி, எண்ணெய், சூடு எல்லாவற்றையும் முதலில் வாங்கிக்கொள்வது சோல்தான். அது தேய்வதால் நம் பாதம் தப்பிக்கிறது.

கம்பி கட்டும் வேலை செய்யும் ஒருவரை நமக்குத் தெரியும். ஒருமுறை வேலையிடத்தில் அவருக்குப் புது ஷூ கொடுத்தார்கள். இவ்வளவு நல்ல பொருளைச் சேற்றில் போட்டுப் பாழாக்குவதா என்று, பெட்டியோடு பீரோவின் மேல் வைத்துவிட்டார். மகன் வேலைக்குப் போகும்போது கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். ரப்பர் செருப்போடுதான் அவர் வேலைக்குப் போனார். அங்கேயும் ஏன் என்று கேட்பார் யாருமில்லை. ஒருநாள் ஆணி செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. இரண்டு வாரம் வேலையில்லை, கூலியுமில்லை. அப்போதும் பெட்டியைத் திறக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, மகன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குக் கிளம்பிய காலையில் அந்தப் பெட்டி இறங்கியது. தோல் புதிதாகவே இருந்தது. மகன் போட்டுக்கொண்டு நாலடி நடந்தான். சோல் புண்ணாக்கு போல உதிர்ந்து தரையில் கொட்டியது. இத்தகைய சோல்கள் பல பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனவை. காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். போடாமல் வைத்திருந்தாலும் அது கெட்டுப்போகும்.

"நீங்க போட்டிருக்கலாமேப்பா" என்று மட்டும் மகன் சொன்னான். அந்தத் தந்தையின் அன்பில் குறையேதும் இல்லை. ஆனால் அந்த ஷூ அவர் காலையும் காக்கவில்லை, மகன் காலையும் காக்கவில்லை.

பாலைநிலத்தில் நாற்பது ஆண்டுகள் நடந்த இஸ்ரயேலரின் காலணிகள் தேய்ந்துபோகவில்லை என்று இணைச்சட்ட நூலின் 29ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கடவுள் காத்த அந்தக் காலணிகள் பெட்டியில் இருந்தவை அல்ல. நடந்த மக்களின் கால்களில் கிடந்தவை. தாலந்தைப் புதைத்து வைத்த பணியாளரையும் நாம் மறக்கவில்லை.

நாமும் சிலவற்றைப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அண்ணன் தம்பியோடு பேச வேண்டிய சமாதான வார்த்தையைப் பிள்ளையின் கல்யாணத்துக்கென்று தள்ளி வைக்கிறோம். நோயாளியைப் பார்க்கப் போவதை ஓய்வு பெற்ற பிறகு என்கிறோம். ஒருநாள் பெட்டியைத் திறக்கும்போது கையில் என்ன மிஞ்சும்?

இன்று மாலை, வீட்டு வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் காலணியை எடுத்துப் பார்ப்போம். அடியிலுள்ள வரிப்பள்ளங்கள் மழுங்கியிருந்தால் மாற்றச் சொல்வோம். நனைந்திருந்தால் அடுப்பருகே வைக்காமல் நிழலில் உலர்த்துவோம். நம்மிடம் ஆட்கள் வேலை செய்தால், ஷூ வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இராமல், போட்டிருக்கிறார்களா என்றும் பார்ப்போம்.

ஆண்டவரே, நீர் தந்தவற்றை உரிய காலத்தில் பயன்படுத்தும் மனதை எங்களுக்குத் தாரும். உழைக்கும் எங்கள் சகோதரர்களின் கால்களைக் காத்தருளும். ஆமென்.