தகவல் விஞ்ஞானப் பட்டமும் அதன் தொழினுட்பப் பாடங்களும்

(சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உயர்தரப் பரீட்சை எழுதிய நம் தம்பி தங்கையர் பலர் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மயங்குகின்றனர். தகவல் விஞ்ஞானம், தகவல் முறைமைகள், தகவல் தொழினுட்பம் என்று ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலப் பல பட்டங்கள் இன்று உள. "எல்லாம் கொம்பியூட்டர் படிப்புத்தானே, தம்பி?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இல்லை ஐயா. பெயர் அடுத்தடுத்திருப்பினும், கட்டாயமாகக் கற்பிக்கும் தொழினுட்பப் பாடங்கள் வேறுபடுகின்றன. அவ்வேற்றுமையைக் குறித்தே சில வார்த்தை சொல்ல விழைகின்றேன்.

இப்பட்டங்களுக்குத் தாய்வீடுகள் மூன்று. மூத்தது நூலகம். ஞானசம்பந்தப் பிள்ளையார் அவதரித்த சீகாழியிலே 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்புமுறையையும் வெளியிட்டார். ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, அவற்றை முக்காற்புள்ளி போன்ற குறிகளால் இணைத்துக் காட்டுவது அம்முறை. கணினி வருமுன்னரே செய்த வேலை அது. இன்று தரவுத்தளம் அமைப்பவர் ஒரு பொருளைப் பல நிரல்களாகப் பிரிக்கும்போது அதற்கு மிக நெருங்கிய வேலையையே செய்கின்றார். நூலகத் தாய்வீட்டிலிருந்து வந்த பட்டங்களில் பகுப்பும் அட்டவணையாக்கமும் முதன்மை பெறுவது இதனால்தான்.

இரண்டாவது தாய்வீடு வர்த்தகம், மூன்றாவது இயந்திரம். இவ்விரண்டுக்கும் அமெரிக்கக் கல்விச் சங்கங்கள் மாதிரிப் பாடத்திட்டங்கள் வகுத்து வெளியிட்டுள்ளன. 2010ஆம் ஆண்டின் தகவல் முறைமைத் திட்டத்திலே கட்டாயப் பாடங்கள் ஏழு. அவற்றுள் தரவு முகாமை, தகவல் தொழினுட்ப உட்கட்டமைப்பு, முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும் ஆகியவை இருந்தன. செயற்றிட்ட முகாமையும் இருந்தது. நிரலாக்கமோ கட்டாயப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, விருப்பப் பாடமாக விடப்பட்டது. வேண்டிய மென்பொருளைப் பிறரிடம் வாங்கலாம், அதை நிருவகிக்கத் தெரிந்தாற் போதும் என்ற நோக்கு அதிலே தெரிகின்றது. அதற்கு இரண்டாண்டு முன்னர் வந்த 2008ஆம் ஆண்டுத் தகவல் தொழினுட்பத் திட்டமோ நிரலாக்கம், வலையமைப்பு, தரவுத்தளம், இணைய முறைமைகள், மனித கணினி இடைவினை என ஐந்து தூண்களை நாட்டியது. அங்கே நிரலாக்கம் ஒரு தூண்; இங்கே அது திண்ணையில் விடப்பட்ட விருந்தாளி!

எங்கும் நீங்காத பாடம் ஒன்று உண்டு. அதுதான் தரவுத்தளம். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் 1970இல் எழுதிய கட்டுரையே இன்றைய அட்டவணை முறைத் தரவுத்தளத்துக்கு அடிப்படை. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுதிவை, மற்ற இடங்களில் அதைச் சுட்டிக்காட்டு என்பதே அதன் சாரம் என்று சுருக்கிச் சொல்லலாம். நமது சங்க வாசிகசாலையில் ஆறுமுகநாவலர் என்று ஓர் அட்டையிலும், நாவலர் என்று மற்றோர் அட்டையிலும், ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் என்று வேறோர் அட்டையிலும் எழுதியிருந்தால் இயந்திரம் மூன்று ஆசிரியர்களைக் காணும். பெயருக்கு ஒரே நிலையான வடிவம் வேண்டும் என்று நூலகர் கூறுவதும், ஆளுக்கு ஒரே இலக்கம் கொடு என்று தரவுத்தள ஆசிரியர் கூறுவதும் ஒரே நோய்க்கு இரு வைத்தியர் எழுதும் மருந்துச் சீட்டுகள். இரண்டையும் ஒருங்கே படிப்பிக்கும் பட்டமே நல்ல பட்டம் என்பது என் கருத்து.

இனி நிரலாக்கத்துக்கு வருவோம். 2010இல் திண்ணைக்குப் போன அப்பாடம், 2020 என்று பெயர் பூண்ட புதிய தகவல் முறைமைத் திட்டத்தில் மீண்டும் கட்டாயமாகி உள்ளே வந்துவிட்டது. பாதுகாப்பான கணிமையும் உடன் வந்தது. வந்தது நன்றே. தமிழராகிய நமக்கோ அதைக் கட்டாயமாக வேண்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு.

கேதார கௌரி விரதம் பற்றிய கட்டுரைகளை ஒருவர் கணினியில் தேடுகிறார் என்று கொள்வோம். கௌரி என்பதிலுள்ள ஔகாரக் குறி யுனிகோட் நியமத்தில் தனி எழுத்துக்குறி. பலரோ ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இயந்திரத்துக்கு வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. கட்டுரை இருந்தும் இல்லாததாகிவிடும். கொ என்பதையும் ஒரே உயிர்க்குறியாகவோ, கொம்பும் காலுமாக இரண்டாகவோ சேமிக்கலாம். இவ்விரண்டையும் சமமாகக் கொள்ள அந்நியமமே விதி தந்திருக்கின்றது. கௌரிக்கு அப்படியொரு விதி இல்லை. எந்தச் சொல்லில் ளகரம் ளகரமே, எதில் அது ஔகாரத்தின் பிழை வடிவம் என்று தமிழறிந்த ஒருவர் ஆராய்ந்து நிரல் எழுதவேண்டும்.

வரிசைப்படுத்தலிலும் இத்தகைய தொல்லை உண்டு. யுனிகோட் இலக்கப்படி அடுக்கினால் னகரம் பகரத்துக்கு முன்னும், ழகரம் வகரத்துக்கு முன்னும் வந்து நிற்கும். அகராதி பார்த்துப் பழகிய பெரியவர்கள் அப்பட்டியலைக் கண்டால் நகைப்பார்கள். நான் சொன்ன மாதிரித் திட்டங்களில் எழுத்துக்குறி முறைக்கென்று தனிப்பாடம் கிடையாது. ஆங்கிலத்தில் வேலை செய்பவர்க்கு அஃது அவ்வளவு பெரிய குறையாகத் தோன்றாது. நமக்குக் குறையே. வாங்கிய மென்பொருள் இக்குறையைத் தானாகத் தீர்க்கும் என்று நான் நம்பவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை இங்குள்ள பெரியோர் அறிவர். 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் ஏற்றி வருகின்றது. படமாக ஏற்றிய பக்கத்தை எழுத்தாக மாற்றி, அதனுள்ளே தேட முற்படும்போதுதான் நான் சொன்ன கௌரியின் தொல்லை முழு உருவத்தோடு எழுந்து நிற்கும்.

ஆகவே தம்பி தங்கையரே, பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாடவிதானத்தை எடுத்து, தரவுத்தளம் எத்தனை பருவம், நிரலாக்கம் கட்டாயமா விருப்பமா, பகுப்பும் அட்டவணையாக்கமும் உண்டா என்று விரல்விட்டு எண்ணுங்கள். இறுதியாண்டு ஆய்வைத் தமிழ்த் தரவு கொண்டு செய்ய இடமுண்டா என்றும் விரிவுரையாளரைக் கேளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: உத்தியோகம் கிடைக்குமா என்று கேட்பது நியாயமே, அதோடு இக்கேள்விகளையும் கேட்டு வையுங்கள்.

நமது சங்க மலரின் பழைய இதழ்களுக்கு இன்னும் பொருளட்டவணை இல்லை. விடுமுறையில் நால்வர் அமர்ந்தால் தொடங்கிவிடலாம். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.