கரையோரத்துச் சிறு சுறா



சுறா என்றதும் ஆளை விழுங்கும் பெரிய மீன்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். ஆனால் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சுறா என்பது பயப்படும் பொருள் அல்ல, சட்டியில் வேகும் பொருள். பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டும் மிளகும் சேர்த்துச் சுறாப் புட்டுச் செய்து கொடுக்காத பாட்டிமார் குறைவு. ஆகவே கடலோரத் தோட்டங்களில் வாழும் நம் இளைஞர்கள் சம்பளம் வாங்கிய கையோடு நாலைந்து பேராகப் பணம் போட்டு, ஒரு தெக்கோங்கின் படகில் தூண்டில் போடப் புறப்பட்டால், "பால் சுறா கிடைத்தால் விடாதே" என்று வீட்டிலிருந்து சொல்லி அனுப்புவது இயல்புதான். அப்படிப் போகிறவர்களும், அவர்களை அனுப்புகிறவர்களும் அறிய வேண்டிய சிலவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்லிவிடுவோம். சிலாங்கூர்க் கரையில் கடல் ஏற்ற இறக்கம் மிக அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிள்ளான் துறைமுகப் பக்கம் நீர்மட்டம் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். நீர் ஓடும் வேகத்தில் தூண்டில் ஈயம் தரையில் நிற்காது. அதனால்தான் நல்ல தெக்கோங் நாளைப் பார்த்துத்தான் படகை எடுப்பார். அவர் "இன்று வேண்டாம்" என்றால் வாதாட வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திரா பக்கமிருந்து இரவிலும் விடியற்காலையிலும் திடீரென்று புயல்காற்றும் மழையும் வருவதுண்டு. மரம் ஏறத் தெரிந்த நம் பிள்ளைகளில் பலருக்கு நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டை இல்லாத படகில் ஏறவே கூடாது.

கரையோரச் சேற்றுத் தண்ணீரில் கண் தெரியாதே, சுறா எப்படி இரையைக் கண்டுபிடிக்கிறது? அதன் மூக்கின் அடிப்பக்கத்தில் நுண்ணிய துளைகள் உள்ளன. மற்ற மீன்களின் தசை அசையும்போது எழும் மிகச் சிறிய மின்சாரத்தையும் அவை உணரும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் இரையும் தப்பாது. மோப்ப சக்தியும் மிகுதி. ஆகவே வெட்டிய கெம்போங் மீனோ சோத்தோங்கோ கோத்துப் போட்டால் போதும். சுறாவின் பல் நரம்பை அறுத்துவிடும் என்பதால் தூண்டிலுக்கு மேலே சிறிது கம்பி சேர்ப்பார்கள். வளைந்த வட்டத் தூண்டில் நல்லது. அது வயிற்றில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். மீனை உயிரோடு விடவும் முடியும்.

விடுவதா, எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. கெம்போங் போன்ற மீன் பல்லாயிரம் முட்டை இடுகிறது. பால் சுறாவோ நம்மைப் போலக் குட்டி போடுவது. ஏறக்குறைய ஓராண்டு வயிற்றில் சுமந்து, ஒரு தடவைக்கு ஒன்று முதல் எட்டுக் குட்டிகள் வரைதான் ஈனும். சினைச் சுறா ஒன்றை வெட்டினால் போவது ஒரு மீன் அல்ல.

மலாய்க்காரர்கள் யூ சிச்சாக் என்று சொல்லும் பல்லிபோன்ற சிறு சுறாவும் அடிக்கடி மாட்டும். இது முட்டையிடும் இனம். தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிர் தாங்கும். "செத்துவிட்டது" என்று தட்டில் போட்டது வாலை அடிப்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. அதை விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இரு பக்கமும் அகன்ற தலையுள்ள கொம்பன் சுறா வேறு கதை. அதில் சிறகுபோல் தலை மிக நீண்ட இனம் கரையோரத்திலேயே வாழ்வது. 2019-ஆம் ஆண்டு முதல் மலேசியச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட இனம். வேளா மீனும் திமிங்கிலச் சுறாவும் 1999-லிருந்தே அந்தப் பட்டியலில் உள்ளன. மாட்டினால் நரம்பை வெட்டி உடனே விட வேண்டும்.

சுறாவை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். அதற்கு எலும்பு இல்லை, குருத்தெலும்புதான். வளைந்து கையைக் கடித்துவிடும், உள்ளுறுப்பும் சிதையும். ஒரு கை தலைக்குப் பின்னும் ஒரு கை வால் அடியிலும் இருக்கட்டும். வீட்டுக்கு எடுப்பதானால் படகிலேயே இரத்தம் வடித்து, குடலை நீக்கி, பனிக்கட்டியில் வைக்க வேண்டும். சுறாவின் தசையில் யூரியா என்னும் பொருள் உண்டு. தாமதித்தால் அது நவச்சார வாடையாக மாறிவிடும்; எவ்வளவு மஞ்சள் போட்டாலும் போகாது.

தாய்மார்களுக்கு முக்கியமான ஒன்று. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன, கடலில் கலந்த பாதரசம் பெரிய மீனின் தசையில் சேர்ந்துகொண்டே போகும். கழுவினாலும் வேகவைத்தாலும் அது நீங்காது. கருவில் வளரும் குழந்தையின் மூளையைத் தாக்கக்கூடியது. அதனால்தான் கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் சுறாவையே தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவுத் துறை அறிவுறுத்துகிறது. அதாவது, நாம் யாருக்காகச் சுறாவைத் தேடிப் போகிறோமோ அவருக்கே அது ஆகாது! பெயரில் பால் இருக்கிறது என்பதற்காகப் பாட்டி சொன்னதை உடனே மறுப்பது எளிதல்ல. குடும்பத்தில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நெத்திலியும் மத்தியும் பாதரசம் குறைந்தவை, சத்து நிறைந்தவை. அதே பூண்டு, அதே மிளகு, அதே பக்குவத்தில் மத்திப் புட்டுச் செய்து பாருங்கள். பாட்டிக்கும் மனம் நோகாது.

மற்றவர்கள் உண்பதற்கு? சின்னதில் பாதரசம் குறைவு, ஆனால் சின்னது இன்னும் ஈனாதது. பெரியதோ சினையாக இருக்கலாம். எங்கள் கருத்து, ஒரு படகுக்கு இரண்டு போதும், மீதியைக் கடலில் விடலாம் என்பதே. கிளம்பும் முன்பே தெக்கோங்கிடம் இதைச் சொல்லிவிட்டால் படகில் தகராறு வராது.