வாழையடி வாழை: கன்று தெரிந்தெடுக்கும் முறை

உண்ணும் வாழை விதையால் பெருகுவதன்று. தாய்க் கிழங்கின் பக்கத்தே முளைக்கும் கன்றைப் பிரித்து நடுவதாலேயே அது விருத்தியடைகின்றது. ஆதலால் தாயின் குணத்தோடு தாயின் நோயும் கன்றைச் சேரும்.

இதற்குக் கீழ்ப்பழநி மலையின் விருப்பாட்சி வாழையே சாட்சி. 1970-களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் விளைந்த அவ்வாழை, பின்னர் முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. நோய் கண்ட மரத்தின் இலைகள் குட்டையாகி, விளிம்பு மஞ்சளித்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இளமையிலே பீடிக்கப்பட்ட மரம் குலை தள்ளாது. இதற்கு மருந்து இல்லை. அசுவினிப் பூச்சி இதனைத் தோட்டத்துக்குத் தோட்டம் பரப்பும். நோயுற்ற கன்றோ ஊருக்கு ஊர் கொண்டு சேர்க்கும்.

ஆகவே சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயிகள், நோயில்லாத தோட்டத்திலே நல்ல குலை ஈன்ற தாய் மரத்தின் கன்றையே கொள்ளுதல் வேண்டும். இலை ஈட்டிபோல் குறுகி, அடிக்கிழங்கு பருத்த கன்று உத்தமம். சிறு வயதிலேயே இலை அகன்ற நீர்க்கன்று ஆகாது. கிழங்கு சிதையாமல் பெயர்த்து, வேர்களையும் அழுகிய பாகத்தையும் சீவி நடுக. நோய் மரம் காணின், முதலில் அசுவினியைக் கொன்று, பின்பு கிழங்கோடும் கன்றுகளோடும் தோண்டி அழித்துவிடுக.

ஒருவர் மாத்திரம் இதைச் செய்வதில் பயனில்லை. 1920-களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் இந்நோயால் பாழான தோட்டங்கள், எல்லாரும் ஒருங்கே நோய் மரங்களை அகற்றி, சுத்தமான கன்றுகளை நட்ட பின்னரே மீண்டன. கன்று வாங்குமுன் தாய்த் தோட்டத்தைப் பார்வையிடும் பொறுப்பைச் சங்கமே ஏற்பது நலம்.