புது வீட்டில் பத்து நாள் இணையம் இல்லையென்றால்: நெருக்கடியே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித்தலைவர் அவர்களே! எதிரே ரொம்ப நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் வந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொன்னார்கள் நம் முன்னோர்கள். அந்தக் காலத்தில் வாடகை வீடு ரொம்ப இல்லை போலிருக்கிறது ஐயா. இருந்திருந்தால், 'வீடு மாறிப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "புது வீட்டுக்குப் போனோம். பத்து நாள் நெட் இல்லை. குடும்பமே மொட்டை மாடியில் உட்கார்ந்து நிலாச்சோறு சாப்பிட்டோம். அப்பாகிட்ட பிள்ளை பேசினான், பிள்ளைகிட்ட அப்பா பேசினார். அடடா, என்ன நிம்மதி!" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த நிலாச்சோற்றைப் பிசைந்தது யாருண்ணே? (கைதட்டல்)

சாமானெல்லாம் பாதி மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது. கரண்டி எந்த அட்டைப்பெட்டியில், பருப்பு டப்பா எந்தச் சாக்கில், எதுவும் தெரியாது. அதற்கு நடுவிலே சோறு பொங்கி, குழம்பு வைத்து, மூன்று மாடி ஏறி உருண்டை பிடித்துக் கொடுத்தவர் எங்கள் அண்ணி. "நிம்மதியா இருந்துச்சா அண்ணி?" என்று அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இந்த மேடைக்கு வந்திருக்கலாமே! (சிரிப்பு)

ஐயா, எதிரணிக்கு ஒரு நினைப்பு. இணையம் என்றால் சினிமாவும் கிரிக்கெட்டும்தான் என்று நினைக்கிறார்கள். வீடு மாறின ஒரு குடும்பத்துக்கு முதல் வாரத்தில் என்னென்ன வேலை இருக்கிறது, பாருங்கள். கேஸ் இணைப்பைப் புது முகவரிக்கு மாற்ற வேண்டும். பழைய வீட்டுக் கரண்ட் பில் கட்ட வேண்டும். பிள்ளையின் வீட்டுப்பாடம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப்பில் வருகிறது. அரசுத் தேர்வு எழுதுகிற பெண் விண்ணப்பம் போட வேண்டும். கடைசித் தேதி நாம் வீடு மாறுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே ஆதார் அட்டையில் முகவரியை மாற்ற வேண்டும். 'நான் வீடு மாறிட்டேன்' என்று அரசாங்கத்துக்குச் சொல்வதற்கே நெட் கேட்கிற காலம் ஐயா இது! (சிரிப்பு)

இது ஆடம்பரமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஒத்துக்கொள்கிறேன். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று, விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம்தான் இந்தியப் பொதுமக்களுக்கு முதன்முதலாக இணையத்தைத் திறந்துவிட்டது. அன்றைக்கு டெலிபோன் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். கீய்ங், கொர்ர் என்று ஒரு சத்தம் வரும். பையன் நெட்டில் உட்கார்ந்தால் போன் எங்கேஜ்டு. மாமியார் வீட்டிலிருந்து அழைத்தாலும் கிடைக்காது. அந்த நிம்மதியைப் பற்றி எதிரணி பேசியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன்! (பலத்த சிரிப்பு)

அப்புறம் என்ன ஆயிற்று? 2004-இல் மத்திய அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தால்தான் அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர் என்றார்கள். 2013-இல் அதை 512 ஆக்கினார்கள். 2023-இல் குறைந்தது 2 மெகாபிட் வேண்டும் என்றார்கள். கிட்டத்தட்ட எட்டு மடங்கு! வசதியாக இருந்த ஒன்று தேவையாக மாறிவிட்டது என்பதற்கு அரசாங்கத்தின் அளவுகோலே சாட்சி.

இன்னொரு சாட்சி, நீதிமன்றம். 2019-இல் கேரளத்தில் ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் மாலை நேரத்தில் செல்போன் கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குப் போட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி, தனிமனித அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. நாட்டிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடமே அந்த வழியாகத்தான் வந்தது. வீட்டில் இணைப்பு இல்லாத பிள்ளைக்கு வகுப்பறையின் கதவு சாத்தியே கிடந்தது. அதை நிம்மதி என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு ஒரு அம்மாவும் மகளும் குடிவந்தார்கள். அப்பா இல்லாத வீடு. அந்தப் பெண்ணுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை, சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. இணைப்புக்குப் பணம் கட்டிவிட்டார்கள். "நாளைக்கு ஆள் வருவார்" என்று சொன்னார்கள். நாளைக்கு என்பது நாளைக்கே இருந்தது ஐயா, இன்றைக்கு ஆகவே இல்லை.

அந்த வீடு தரைத்தளம். உள்ளே செல்போனில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு. அமெரிக்காக்காரன் நேரத்துக்கு வேலை; ராத்திரி ஒன்பது மணிக்குமேல். அந்தப் பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். செல்போனை ஹாட்ஸ்பாட் போட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வேலை பார்த்தாள். வயசுப் பெண், புது இடம், நடுராத்திரி. அம்மா சும்மா இருப்பாளா? ஒரு பாயைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒன்பது ராத்திரி. பகலெல்லாம் மூட்டை பிரிக்கிற வேலை, இரவெல்லாம் காவல்.

எதிரணி அண்ணே, அதே மொட்டை மாடிதான். அதே நிலாதான். நீங்க நிலாச்சோறு சாப்பிட்டீங்க. அந்தத் தாய் கண் விழித்துக் காவல் இருந்தாள். பத்து நாள் நெட் இல்லாததைத் தாங்கக்கூடியவர்களுக்கு அது நிம்மதி. அந்தப் பத்து நாளில் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு அது நெருக்கடி. (நீண்ட கைதட்டல்)

"செல்போனே போதுமே, எதற்கு வீட்டுக்கு ஒரு கம்பி?" என்று எதிரணித் தம்பி கேட்டார். வீட்டுக்காரர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். வீடே அதில் ஓடுகிறது. அவர் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குக் கிளம்பினால், மொத்த வீட்டு நெட்டும் அவர் சட்டைப்பையில் கடைக்குப் போய்விடும்! (சிரிப்பு)

சரி, நெருக்கடி என்று புலம்பினால் போதுமா? வழி சொல்ல வேண்டாமா? நடுவர் ஐயா மணியில் கை வைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

வீடு பார்க்கப் போகிறோம். தண்ணி நல்ல தண்ணியா, வாசல் எந்தத் திசை, எல்லாம் கேட்கிறோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், "இந்தக் கட்டடத்துக்குள் எந்தக் கம்பெனி இணைப்பு வருகிறது?" என்று கேட்கிறோமா? புரோக்கரைக் கேட்காதீர்கள், அவர் எல்லாம் வரும் என்பார். பக்கத்து வீட்டம்மாவைக் கேளுங்கள். எது ஓடுகிறது, மழை பெய்தால் எது நிற்கிறது, எல்லாம் அவர் வாயில் இருக்கும்.

தெருவில் கேபிள் போகிறது என்பதாலேயே நம் வீட்டுக்கு வந்துவிடாது. கண்ணாடி இழைக் கேபிள் ஒன்றைப் பல கிளைகளாகப் பிரித்து, கம்பத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியில் இத்தனை வீட்டுக்கு என்று கணக்கு உண்டு. அத்தனையும் நிறைந்துவிட்டால், பஸ் ஃபுல் என்கிற கதைதான். சில அடுக்குமாடிகளில் ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் வழி விட்டிருப்பார்கள். அதனால் வீட்டு எண்ணோடு சொல்லிக் கேட்க வேண்டும். கட்டடங்களில் இணைப்பு வசதி எப்படி இருக்கிறது என்று நட்சத்திரக் குறியீடு கொடுப்பதற்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. ஆணையமே கேட்கிறது, நாம் கேட்க என்ன கூச்சம்?

இரண்டாவது, பால் காய்ச்ச நாள் குறித்த அன்றைக்கே இணைப்புக்கும் சொல்லிவிடுங்கள். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டோம். ஆவணி பிறந்ததும் ஊரே மாறும். அந்த நேரத்தில் கேபிள் இழுக்கிற தம்பி ஒருவர், ஏணி ஒன்று, வீடு எத்தனை? பாவம், அவரும் மனுஷன்தானே! இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். பழைய கம்பெனி புது இடத்திலும் இருந்தால், இடமாற்றம் கேட்டால் போதும். இல்லையென்றால் இணைப்பை ஒப்படைத்துவிட்டு, எழுத்தில் ரசீது வாங்குங்கள். அவர்கள் கொடுத்த மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதும் ரசீது. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியிருந்தால், மிச்சம் என்ன ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். முடிந்தால், புது வீட்டில் விளக்கு எரிகிற வரைக்கும் பழைய வீட்டு இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

மூன்றாவது, வீட்டுக்காரரிடம் சுவரில் துளை போட அனுமதி கேளுங்கள். ஆள் வந்து துளைக்கருவியை எடுத்த பிறகு, "யாரைக் கேட்டு ஓட்டை போடுறீங்க?" என்று மேல்மாடியிலிருந்து சத்தம் வந்தால், வந்தவர் போய்விடுவார். மறுபடி வருவது எப்போது? நாளைக்கு! (சிரிப்பு)

அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? நம் வீட்டில் அதற்கு டிவி பின்னால் ஒரு மூலை, இல்லாவிட்டால் செருப்பு ஸ்டாண்டு மேலே. அது சுற்றிலும் அலை பரப்புகிற பொருள் ஐயா. வீட்டு நடுவில், கொஞ்சம் உயரத்தில், பிளக் பாயிண்ட் பக்கத்தில் வைக்க வேண்டும். அதில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். அந்தக் கண்ணாடி இழையைத் துணிக்கொடி மாதிரி மடித்துக் கட்டக்கூடாது. வெளிச்சம் வழியிலேயே கசிந்துவிடும். கரண்ட் போனால் பெட்டியும் தூங்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அதற்கென்று ஒரு சின்ன பேட்டரி வைத்துக்கொள்வது நல்லது.

வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு மெகாபிட் என்று பணம் கட்டுகிறோம். கம்ப்யூட்டரில் பன்னிரண்டு என்று காட்டினால் ஏமாற்றிவிட்டான் என்று கொதிக்கிறோம். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. சண்டைக்குப் போகுமுன் வகுத்துப் பாருங்கள்!

அத்தனையும் செய்தும் வரவில்லை, வந்தும் வேலை செய்யவில்லை என்றால், போனில் கத்திப் பயனில்லை. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். காலண்டரில் குறியுங்கள். தீரவில்லையென்றால், அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஆணையம் தனித்தனி புகாரை விசாரிக்காது. ஆனால் இந்த வழியை நமக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. நடந்து போக வேண்டியது நாம்.

நிறைவாக ஒன்று. குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிற எதிரணியின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அது எனக்கும் உண்டு. ஆனால் ஐயா, சஷ்டிக்கு விரதம் இருக்கிறவர் வயிறும் காலி. வீட்டில் அரிசி இல்லாதவர் வயிறும் காலி. இரண்டும் ஒன்றா? பானையில் சோறு இருக்க, வேண்டாம் என்று வைத்தால் அது விரதம். பானையே காலி என்றால் அது பட்டினி.

இணைப்பு இருக்கட்டும். ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை அதை அணைத்து வையுங்கள். சேர்ந்து சாப்பிடுங்கள், வாய்விட்டுப் பேசுங்கள். சோற்றை மட்டும் இந்தத் தடவை அண்ணன் பிசையட்டும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அது நிம்மதி. இணைப்பே இல்லாமல் ஒரு பெண்ணையும் அவள் தாயையும் நடுராத்திரி மாடியில் உட்கார வைப்பது பட்டினி. பட்டினிக்கு நிம்மதி என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆகவே, புது வீட்டில் பத்து நாள் இணையம் இல்லாமல் இருப்பது நெருக்கடியே, நெருக்கடியே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.