ட்ரையர் அடுப்பும் இன்குபேட்டரும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்தச்சோகையைப் பற்றியோ பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஸ்டோரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஸ்டோர் என்றால் கடையல்ல, தேயிலைத் தொழிற்சாலை என்று டயகமவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கனடாவிலும் லண்டனிலும் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

என் அப்பா ஸ்டோரில் ட்ரையர் அடுப்புக்கு விறகு போட்டவர். ட்ரையருக்குள் போகும் காற்று 90 முதல் 95 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். தேயிலையைக் கடந்து வெளியே வரும் காற்று 50ஐ ஒட்டி இருக்க வேண்டும். பாதிக்கு மேல் நீரோடு உள்ளே போகும் இலை, ஏறத்தாழ 20 நிமிடத்தில் நூற்றுக்கு 3 பங்கு ஈரத்தோடு வெளியே வரும். சூடு குறைந்தால் இலை காயாமல் அவிந்து போகும். கூடினால் மேல்பக்கம் காய்ந்து, உள்ளே ஈரம் நின்றுவிடும்.

அந்த வேலைக்குப் புதிதாக வருபவர் வெப்பமானியின் முள் இறங்கியதும் விறகை அள்ளிப் போடுவார். விறகு பற்றிச் சூடேற நேரம் எடுக்கும். முள் அசையவில்லையே என்று இன்னும் போடுவார். பிறகு எல்லாம் சேர்ந்து பற்றி முள் எகிறும். பயந்துபோய் அடுப்பை அடக்குவார், முள் விழும். விடியும்வரை இதே ஏற்றமும் இறக்கமும்தான். அப்பா மூன்று விஷயம் பார்ப்பார்: சூடு இப்போது எவ்வளவு குறைவு, எவ்வளவு நேரமாகக் குறைந்தே கிடக்கிறது, எவ்வளவு வேகமாக இறங்குகிறது. பார்த்துவிட்டு ஒரு கட்டை போடுவார், சில வேளை ஒன்றுமே போடமாட்டார். மழை நாளில் இலை சரியாக வாடாமல் ஈரமாக வரும் என்று தெரிந்து, முள் இறங்கும் முன்பே அடுப்பைத் தயார் செய்துவிடுவார்.

இதைப் பேராதனையில் என் அறைத்தோழிக்குச் சொன்னேன். அவள் பொறியியல் பீடம். கொப்பியில் ஒரு வட்டம் கீறி, "அளந்து பார், வேண்டியதோடு ஒப்பிடு, வித்தியாசத்துக்கு ஏற்றபடி திருத்து, திரும்ப அள. இதுதான் கட்டுப்பாட்டுப் பொறியியல். உங்கப்பா செய்த மூன்று கணக்குக்குப் பெயர் பிஐடி" என்றாள். நிக்கொலஸ் மினோர்ஸ்கி என்பவர் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர்கள் எப்படித் திருப்புகிறார்கள் என்று கவனித்து, 1922இல் அதைக் கணிதமாக எழுதினாராம். நம் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கியது. இரண்டும் கிட்டத்தட்ட நம் பாடசாலையின் வயதுதான். இன்று மோட்டார், உணரி, கணினி மூன்றும் சேர்ந்து இயங்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. அந்தத் துறையை மெகாட்ரோனிக்ஸ் என்கிறார்கள்.

நான் சிறுவர் நோய் வைத்தியர். குறைமாதக் குழந்தையை வைக்கும் இன்குபேட்டரும் இந்த வகை இயந்திரம்தான். குழந்தையின் வயிற்றில் ஒரு சின்ன உணரியை ஒட்டி, 36.5 பாகை என்று குறித்துவிடுவோம். தோல் குளிர்ந்தால் சூடு கூடும், சூடானால் குறையும். பல வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில், இரவுக் கடமையில் இருந்த வயதான தாதி ஒருவர் ஒரு குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். கால் சுட்டது. திரையில் குழந்தை குளிர்ந்திருப்பதாகக் காட்டியது. ஒட்டு கழன்று உணரி துணிமேல் கிடந்தது. அது காற்றை அளந்து "குளிர், குளிர்" என்று சொல்ல, இயந்திரம் கீழ்ப்படிந்து சூட்டைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. எச்சரிக்கை மணி அடிக்கும் எல்லையை இன்னும் தொடவில்லை. குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து நான் திரையைப் பார்க்கும் முன் குழந்தையைத் தொடுகிறேன். இயந்திரம் அன்று பிழைவிடவில்லை என்பதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தியது. அளந்ததை அது ஒழுங்காகத் திருத்தியது. எதை அளக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இப்போது அம்மாவின் கதைக்கு வருகிறேன். அம்மாவும் அவர் வயதுப் பெண்களும் ஸ்டோரில் உட்கார்ந்து, தூளிலிருந்து குச்சியும் நாரும் பொறுக்கினார்கள். இன்று அதை நிறம் பிரிக்கும் இயந்திரம் செய்கிறது. தூள் விழும்போது கமரா பார்க்கிறது, கண் இமைக்கும் முன் கணினி முடிவெடுக்கிறது, காற்றுக்குழாய் ஊதிக் குச்சியைத் தள்ளிவிடுகிறது. நல்ல இயந்திரம், குறை சொல்லமாட்டேன். அம்மாவின் முதுகு என்ன பாடுபட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த நிறத்துக்கு மேல் குச்சி என்று யாரோ ஒருவர் அதற்குச் சொல்ல வேண்டும். கடுமையாக வைத்தால் நல்ல தூளும் குச்சியோடு போகும், தளர்த்தினால் குச்சி தங்கும். போன வருடம் நான் பார்த்த ஸ்டோரில், பெண்கள் தூளைக் கொட்டுகிறார்கள், கூட்டுகிறார்கள். அளவைத் திருத்துவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு தம்பி வருகிறார். கழித்த தட்டில் கைவிட்டுப் பார்த்து "இது நல்ல தூளாச்சே" என்று அந்தத் தம்பிக்குச் சொன்னவர், அங்கே கூட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா. தம்பி திருத்தினார். அக்காவின் சம்பளம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தம்பியின் இடத்தில் நம் பிள்ளை ஒருத்தி நிற்க என்ன தேவை? உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் அது இல்லை. பௌதிகவியலுக்கே தலவாக்கலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ட்யூஷன் போனோம். பிரிவு இருந்தாலும், தொட்டுப் பார்க்கப் பொருள் இல்லாவிட்டால் பிள்ளைகள் வட்டத்தைப் பாடமாக்கிவிட்டு வந்துவிடுவார்கள்.

நூற்றாண்டு நினைவாக ஓர் அலங்கார வளைவு கட்டலாம் என்று குழுவில் பேச்சு இருக்கிறது. எனக்கு ஆட்சேபனை உண்டு, கூட்டத்திலும் சொன்னேன், சில அக்காமார் கோபித்தும் கொண்டார்கள். ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு மின்குமிழ், ஒரு சின்ன மின்விசிறி, வெப்ப உணரி, ஓர் ஆர்டுயினோ பலகை. இவ்வளவு இருந்தால் ஒரு ட்ரையரையும் இன்குபேட்டரையும் மேசைமேல் செய்து பார்க்கலாம். பிள்ளை வேண்டுமென்றே உணரியைக் கழற்றி வைத்து, என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும். இப்படிப் பத்துப் பெட்டிக்கு வளைவுக்கு ஆகும் காசில் சிறு பங்கு போதும். முதல் பெட்டி என் செலவு. பெயர்ப்பலகை வேண்டாம். மற்ற ஒன்பதுக்கும் செயலாளர் அக்காவிடம் ஒரு கொப்பி இருக்கிறது, தேத்தண்ணி குடிக்கப் போகும் வழியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.