கூரையே கேணியாகும் தீவு



புயல் வீசும் கடற்கரையில் வீட்டுக்குக் கூரை எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினாவுக்கு, அத்திலாந்திக்குப் பெருங்கடலின் நடுவே கிடக்கும் பெர்முடாத் தீவுக்கூட்டம் நானூறு ஆண்டுகளாக விடை கண்டு வருகின்றது. வட அமெரிக்கக் கரையினின்று ஏறத்தாழ 1,000 கி.மீ. தொலைவில், எல்லாத் தீவுகளையும் கூட்டினும் 53 சதுரக் கி.மீ. அளவே நிலமுடையது அது. அங்கு ஆறில்லை, ஓடையில்லை. குடிநீர் வானினின்றே விழவேண்டும். விழுவதைக் கூரைதான் ஏந்தவேண்டும். கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள் பிற்காலத்தில் வந்தனவேனும், வீடுகள் இன்றும் பெரும்பாலும் கூரைநீரையே நம்பி வாழ்கின்றன. எனவே அங்குக் கூரை பறந்தால் நிழல் மட்டும் போவதில்லை, தண்ணீரும் போகின்றது.

1612-இல் குடியமர வந்த ஆங்கிலேயர் முதலில் மரக்கால் நட்டு, அத்தீவுக்கே உரிய குறும்பனை ஓலையை வேய்ந்த குடில்களில் வாழ்ந்தனர். 1620-இல் செயிண்டு சியார்ச்சு நகரில் எழுந்த ஆட்சிமன்றக் கட்டடமோ சுண்ணக்கல்லால் ஆனது. ஆமைநெய்யும் சுண்ணாம்பும் குழைத்த காரை அதைப் பிணைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீசிய பெரும்புயல்கள் ஓலையையும் மரத்தையும் வாரிக்கொண்டு போன பின்னரே மக்கள் பரவலாகக் கல்லை நாடினர். அந்நகர் 2000-ஆம் ஆண்டில் யுனெசுகோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அக்கூரை செய்யும் முறை எளிது, உழைப்போ பெரிது. தீவின் பாறை மென்மையானது. மரம் அறுப்பது போலக் கைவாளால் அறுக்கலாம். காற்றுப்பட்டபின் அது கெட்டிப்படும். ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த கனமுள்ள பலகைகளாக அதை அறுத்து, கைமரங்களின்மேல் கீழ்வரிசைமீது மேல்வரிசை ஏறியமரப் படிப்படியாக அடுக்கி, இடுக்குகளைக் காரையால் அடைத்து, முழுவதும் வெண்சுண்ணம் பூசினர். வெள்ளைப் படிக்கட்டுப் போன்ற அக்கூரையைக் கண்டு வருவோர் அழகு என்பர். அழகுதான், ஆனால் படிகள் இருப்பது மழைநீரின் விரைவை மட்டுப்படுத்தி வரம்புகளின் வழியே கீழுள்ள தொட்டிக்குச் செலுத்துதற்கே. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை அங்குப் பெய்கின்றது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட கூரைப்பரப்பின்மேல் ஆண்டில் 1,400 இலிட்டர் விழும். வீடு கட்டுவோர் கூரைநீரைத் தேக்கத் தொட்டி அமைத்தேயாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இனிக் காற்றின் செயலைப் பார்ப்போம். புயல் கூரையை அழுத்தி உடைப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. மணிக்கு 190 கி.மீ. விரைவில் வீசும் காற்றின் விசை, மேற்சொன்ன ஒரு மீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 170 கிலோ எடைக்கு நிகராகும். விரைவு இருமடங்கானால் விசை நான்மடங்காகும். மூலைகளிலும் முகட்டிலும் இறவாரத்திலும் உறிஞ்சல் மிகும். பலகணி ஒன்று உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். கல்லின் எடை இவ்விசையில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். எஞ்சியதைத் தாங்குவன, காரையால் ஒரே ஓடாகப் பிணைந்த கட்டமைப்பும், நாற்புறமும் சரியும் வடிவும், குறுகிய இறவாரமுமே. வெயிலுக்கு நீண்ட இறவாரம் இனிது. புயலுக்கோ அது பிடி கொடுத்துவிடும்.

கல்லானால் அசையாது என்று இருந்துவிடலாகாது. 2003 செப்டம்பர் 5 அன்று மேற்சொன்ன விரைவில் பேபியன் புயல் தாக்கியபோது பல கட்டடங்களின் கூரைகள் சிதைந்தன. தரைப்பாலத்தில் நால்வர் மாண்டனர். 2014 அத்தோபரில் பே, கொன்சாலோ என இரு புயல்கள் ஒரே கிழமைக்குள் வந்தன. முதற்புயலில் தளர்ந்த கூரையைச் செப்பனிட இரண்டாவது புயல் நாள் கொடுக்கவில்லை.

பழைய வீட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது கல்லையன்று. கைமரம் சுவரில் அமரும் முனையை. ஈரம் கண்டு உளுத்துப்போவது அங்கேதான். வெளியே வெள்ளைப் பூச்சுப் பளபளக்க உள்ளே மரம் மாவாகியிருக்கும். உளுத்த முனையை மாற்றி, கைமரத்தைச் சுவர்த்தலையோடு இரும்புப் பட்டையால் இறுக்கிப் பிணைத்தல் வேண்டும். இவ்வேலை வெளியே தெரியாது. மரபுத் தோற்றமும் கெடாது. இக்காலத்தில் நுரைப்பலகையை நடுவில் வைத்து, மேலே பூச்சிட்டுப் படிக்கூரை போலவே செய்கின்றனர். பளு குறைவு, வேலையும் விரைவு. ஆயினும் எடை குறைந்த அளவுக்குப் பிணைப்பு மிகவேண்டும். தோற்றம் ஒன்றானதாலேயே வலிமையும் ஒன்றாகிவிடாது.

புயல் அணுகுகின்றது என்றதும் பலகணிக் கதவுகளை அடைப்பதோடு அம்மக்கள் மற்றொன்றும் செய்வர். கூரையினின்று தொட்டிக்கு இறங்கும் குழாய்வாய்களை அடைத்துவிடுவர். கடற்காற்று வாரியிறைக்கும் உப்புத் துளி கூரையெங்கும் படியும். குழாய் திறந்திருந்தால் வீட்டின் குடிநீர் முழுவதும் கரிக்கும். காற்று ஓய்ந்து, நல்ல மழை பெய்து, கூரையின் உப்பைக் கழுவி வெளியேற்றிய பின்னரே அடைப்பை எடுப்பர். அதுவரை, தொட்டியில் முன்பே தேங்கியிருக்கும் நீரே அவ்வீட்டுக்குக் குடிநீர்.