பிரீமியம் கட்டக் குழுக் கடன் வாங்கலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியது)



போன மாதம் தனியார் காப்பீட்டு முகவர் வந்து பேசினார் இல்லையா, அதுக்கப்புறம் பிரீமியம் கட்டக் குழுக் கடன் கேட்டு பல குழுக்கள் எழுதியிருக்கின்றன. நாங்கள் உட்கார்ந்து யோசித்ததைச் சொல்கிறோம்.

நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா. பாலிசி எடுத்த எட்டாம் மாதம் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். "இதுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும், பாலிசியிலேயே போட்டிருக்கே"ன்னு கம்பெனி கைவிரிச்சிட்டாங்க. குழுக் கடனில்தான் பில் கட்டினார், இன்னும் தவணை ஓடுது. பெரியாஸ்பத்திரியில் அதே ஆபரேஷன் இலவசம். ஏன் போகலைன்னு கேட்டோம். "மூணு நாள் அலைஞ்சேன், மூணு நாள் கூலி போச்சு, ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசலை"ன்னார். அதையும் மறைக்க வேண்டியதில்லை. இதைக் கிராம சபையில் மனுவாகவே கொடுக்கப் போகிறோம்.

நம்ம கடன் ஏட்டைப் புரட்டினால் மருத்துவக் கடனில் பாதிக்கு மேல் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குத்தான். சாதாரணப் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், மாதாமாதம் வாங்குற மாத்திரைக்குத் தராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். 2021-இல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருது.

பெரிய ஆபரேஷன்னா? 2012-இல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. பிரீமியத்தை அரசே கட்டுது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, சேர்க்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். ஆனால் எல்லா நோய்க்கும் கிடையாது, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும்தான். வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய், பிறகு 1,20,000 ஆக்கினார்கள். பழைய வரம்பால் விடுபட்டவர்கள் நம்மில் நிறைய.

வரம்புக்கு மேல் சம்பாதிக்கிற பிள்ளைகள் தனியார் பாலிசி எடுக்கட்டும், தப்பில்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு எத்தனை வருஷம் காத்திருக்கணும், அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா என்று கேட்டுக் கையெழுத்துப் போடுங்க. சர்க்கரையை மறைச்சு எழுதச் சொல்ற முகவரை வாசலோடு அனுப்பிடுங்க. பிறகு பணம் மறுக்க அதுவே காரணமாகும்.

குழுக் கடனில் பிரீமியம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு வருஷம் கட்டத் தவறி பாலிசி காலாவதியானால், காத்திருந்த காலமெல்லாம் வீண்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதாரோடு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. கலெக்டர் ஆபீஸில் பதிய எல்லோருமா ஒரே வேனில் போகலாம்.